ஓட்டைத் தகடும் ஒரு சம்பந்தமும்

ஐன் ஸஃப்ரா
4 பிப்ரவரி 1973

அன்புள்ள லக்தார்,

ஸலாம். இங்கே குளிர் தாங்கவில்லை. பாலைவனத்து ஊர் என்று சொல்லித்தான் என்னை ஓரானிலிருந்து மாற்றினார்கள். போன வாரம் மணல்மேட்டின் மேல் பனி விழுந்து கிடந்தது. மன்சூராவில் பிறந்து நைல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்ன பாவம் செய்தேன் என்று தெரியவில்லை. இந்தக் குளிரில் பையன்களுக்கு வெப்பவியல் பாடம் நடத்துகிறேன். அவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

உன் ஆம்ப்ளிஃபயர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பழைய ரேடியோக்களைப் பிரித்ததில் வால்வு, டிரான்ஸ்பார்மர் எல்லாம் தேறிவிட்டன. அவற்றை உட்கார வைக்கச் சேசிஸ் தகடுதான் இல்லை. இந்த ஊரில் நல்ல தகடும் கிடையாது, டிரில்லும் கிடையாது. ஒரு கொல்லன் இருக்கிறான். அவனிடம் கொடுத்தால் லாடம் அடித்துத் தருவான். ஆகவே நீதான் வெட்ட வேண்டும். பஸ் பாடி கட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா?

இத்துடன் படம் வைத்திருக்கிறேன். அசல் அளவிலேயே வரைந்தது. அலுமினியத் தகட்டின் மேல் பசை தடவி அப்படியே ஒட்டிவிடு. ஒவ்வொரு ஓட்டைக்கும் நடுவில் பஞ்ச் ஆணி வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு டிரில் போடு, இல்லாவிட்டால் முனை வழுக்கிக்கொண்டு ஓடும். வால்வு உட்காரும் பெரிய ஓட்டைகளை உளியால் கொத்தாதே, தகடு நெளிந்துவிடும். வட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றிப் பொடி ஓட்டைகளாகப் போட்டு, நடுப்பகுதியைத் தட்டி எடுத்துவிட்டு, அரைவட்ட அரத்தால் ராவு. பிசிறு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிசிறு பட்டால் வயரின் தோல் கிழியும், வயரின் தோல் கிழிந்தால் உன் தோல் போகும். முடிந்ததும் ரயில் கார்டிடம் கொடுத்தனுப்பு. கல்யாணக் கச்சேரி சீசன் தொடங்குவதற்குள் உன் கிடார் உங்கள் குழுவின் டிரம்பெட்காரனை அமுக்கியாக வேண்டும்.

இனி வேறொரு விஷயம். இதை உனக்குப் படித்துக் காட்டுவது தங்கை யமினாதான் என்று தெரியும். இந்தப் பகுதியையும் விட்டுவிடாமல் உரக்கப் படிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

லக்தார், யமினாவை எனக்குத் திருமணம் செய்து தருவாயா? முறைப்படி என் வீட்டுப் பெண்கள் வந்து உன் அம்மாவிடம் கேட்க வேண்டும். என் தாய் இல்லை. அத்தைகள் எகிப்தில் இருக்கிறார்கள், படி இறங்கவே யோசிக்கிற வயது. உங்கள் மாடியில் ஒரு வருஷம் குடியிருந்தபோதே கேட்க நினைத்தேன், தைரியம் வரவில்லை. போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, ‘எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் தட்டில் உன் பக்கம் அப்படியே இருக்கிறது, அதில் யாரும் கை வைப்பதில்லை’ என்று. அதைப் படித்த பிறகுதான் தைரியம் வந்தது.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ரிஃபாத்

*

ஓரான்
20 பிப்ரவரி 1973
(பார்சலுக்குள் வைத்தது)

ஆசிரியர் ரிஃபாத் அவர்களுக்கு,

அண்ணன் லக்தார் சொல்லச் சொல்ல எழுதுவது யமினா.

வாத்தியாரே, ஸலாம். படம் வந்துச்சு. படமா அது, அம்மாடி. பட்டறையில எல்லாரும் கூடி நின்னு பாத்தாங்க. ‘இது ஆம்ப்ளிஃபயரா, இல்ல கூஸ்கூஸ் வேக வைக்கிற ஓட்டைச் சட்டியா’ன்னு மேஸ்திரி கேட்டான். ‘யோவ், பிரமிடு கட்டுனவன் மூளைய நீ அளக்கப் போறியா, போய் உன் பஸ்ஸுக்கு ஆணி அடி’ன்னு சொல்லிட்டேன். நிஜத்தச் சொல்லணும்னா எனக்கும் தல சுத்துச்சு. பெரிய ஓட்டை எல்லாம் புரியுது. பொடி ஓட்டை எதுக்கு இத்தன? அப்புறம் நானே கண்டுபுடிச்சேன். வால்வு சூடாகும், சூடு வெளிய போகணும், அதானே? சின்னச் சின்னக் கோடு போட்டிருந்தியே, அதையும் காத்துக்குன்னு நெனச்சு ரம்பத்த நுழைச்சு அறுத்துட்டேன். புள்ளி வச்ச எடத்துல பஞ்ச் மட்டும் தட்டியிருக்கேன். கொக்கி கொக்கியா என்னமோ கிறுக்கியிருந்த, அத அலங்காரம்னு விட்டுட்டேன்.

பிசிறு ஒன்னு கெடையாது. தடவிப் பாரு, பொண்டாட்டி கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கும். உனக்குத்தான் அது எப்படி இருக்கும்னு தெரியாதே, பாவம், எகிப்து மொச்சைக்கொட்டை தின்னி.

(கடைசி வரியை எழுத மாட்டேன் என்றேன். எழுது என்றான்.)

அண்ணன் சொன்னது இவ்வளவுதான்.

யமினா

*

ஐன் ஸஃப்ரா
6 மார்ச் 1973

லக்தார்,

பார்சல் கிடைத்தது. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் பிரித்தேன். நண்பன் கையால் செய்தது, பாருங்கள் என்று பெருமையாக வேறு சொல்லிவிட்டுப் பிரித்தேன். சல்லடை. கணக்கு வாத்தியார் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெயில் விழுந்தது. சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. எனக்குக் கொஞ்ச நேரம் காதே கேட்கவில்லை.

நான் கேட்டது பெண். நீ அனுப்பியது சல்லடை. எங்கள் ஊரில் பிறந்த குழந்தையை ஏழாம் நாள் சல்லடையில் போட்டு ஆட்டுவோம் என்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னவன் நான்தான். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கல்யாணமே ஆகாதவனுக்கு ஒரு சல்லடை செய்து அனுப்பியிருக்கிறாய். அது போதாதென்று கன்னம், பாவம் என்று ஒரு நக்கல் கடிதம். அதையும் அந்தப் பெண்ணின் கையாலேயே எழுத வைத்திருக்கிறாய். அதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. முடியாது என்றால் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அந்நியன், எனக்கு இங்கே நாதி இல்லை, அது எனக்கே தெரியும். அதை நீ ஓட்டை ஓட்டையாகப் போட்டுக் காட்டியிருக்க வேண்டாம்.

தகட்டில் டிரான்ஸ்பார்மரைப் பிடிக்க ஒரு திருகாணிக்குக்கூட இடம் இல்லை. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ரிஃபாத்

*

ஓரான்
14 மார்ச் 1973

ஆசிரியர் அவர்களுக்கு,

இது அண்ணன் சொல்லி எழுதுவது அல்ல. உங்கள் கடிதம் வந்தது அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளை வாய்ப்பாடு எழுத விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் உங்களுக்கு மறுப்புச் சொல்லவில்லை. அவனிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்று அம்மா அடுப்படியில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் கை கால் கழுவாமல் வந்து உட்கார்ந்து, “படி, படி” என்று பறந்தான். பசை, பஞ்ச், அரம், பிசிறு என்று படித்துக்கொண்டே வந்தேன். உன் தோல் போகும் என்ற இடத்தில் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குக் கீழே என் பெயர் இருந்தது. அதற்கும் கீழே நீங்கள் கேட்டிருந்ததும் என் கண்ணில் பட்டுவிட்டது. வாய் அப்படியே நின்றுவிட்டது.

“என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?” என்றான்.

“முடிஞ்சுது” என்றேன்.

“ஒரு ஸலாம்கூட இல்லாமயா? வாத்தியானுக்கு மரியாத தெரியல.”

நீங்கள் படித்தவர். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற இடத்தில் இருக்கிறீர்கள். ஒரு பெண்ணைப் பெண் கேட்கிற கடிதத்தை அவளே அம்மா எதிரிலும் அண்ணன் எதிரிலும் நின்று, தன் குரலில் உரக்கப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது? என்னை எனக்காக நானே கேட்டுக்கொள்ள வேண்டுமா? எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் நீங்கள் சல்லடை என்று எழுதிவிட்டீர்கள்.

அண்ணன் கேலி செய்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் தகட்டை வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் ராவினான். நாக்கைத் துருத்திக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் நிமிராமல் ராவினான். படத்தில் இல்லாத ஒரு ஓட்டையை அவன் போடவில்லை. நானும் படத்தைப் பார்த்தேன், வட்டமும் புள்ளியும் கோடும் நீங்கள் போட்டவைதான். தகட்டிலிருந்து உரித்த காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் திருப்பிக் கேட்டதாக அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டேன். உங்களால் எனக்குப் பொய் பெருகிக்கொண்டே போகிறது.

யமினா

*

ஐன் ஸஃப்ரா
22 மார்ச் 1973

அன்புள்ள லக்தார்,

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தவறு முழுக்க என்னுடையது.

நீ ஒட்டி வெட்டிய காகிதத்தைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு ‘இரண்டு’ தனியாக நின்றது, அதன் பக்கத்தில் ஓட்டை. இன்னோர் இடத்தில் ‘மூன்று’, அதன் பக்கத்திலும் ஓட்டை. இந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் அடுத்து நான் என்ன எழுதியிருந்தேன் என்று யோசித்தேன். யோசித்ததும் வேர்த்துவிட்டது. எகிப்தில் நாங்கள் எழுதும் ஐந்து ஒரு சின்ன வட்டம். பூஜ்யம் ஒரு புள்ளி. ஒன்று ஒரு நிற்கும் கோடு. உங்கள் நாட்டில் அரபி எழுத்துக்கு நடுவிலும் பிரெஞ்சுக்காரன் எண்களைத்தான் எழுதுகிறீர்கள். நானும் கரும்பலகையில் அப்படித்தான் எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படம் போடும்போது கை பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பழக்க தோஷத்தில் எல்லா அளவுகளையும் எங்கள் எண்ணில் எழுதி வைத்தேன். நீ என் ஐந்துகளை எல்லாம் துளைத்து, ஒன்றுகளை எல்லாம் அறுத்து, பூஜ்யங்களைப் பஞ்ச் வைத்துத் தட்டியிருக்கிறாய். அலங்காரம் என்று நீ விட்ட கொக்கிகள் இரண்டும் மூன்றும்.

நூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு கீறலும் இரண்டு ஓட்டைகளும் இருக்கின்றன. இவ்வளவு சுத்தமாக யாரும் ஒரு தவறைச் செதுக்கித் தந்திருக்க மாட்டார்கள். புதுப் படம் அனுப்புகிறேன், எண்ணே இல்லாமல்.

ரிஃபாத்

(உடன் ஒரு தனித் தாள்)

யமினா அவர்களுக்கு,

இந்தத் தாள் உங்களுக்கு மட்டும், தயவுசெய்து உரக்கப் படிக்க வேண்டாம். உங்களை அடுப்படியில் அப்படி நிற்க வைத்ததை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முறை என்று நினைத்தேன். யாருடைய வாயில் அந்த முறையைத் திணிக்கிறேன் என்று பார்க்கவில்லை. கேட்ட விதத்தைத் திரும்பப் பெறுகிறேன். கேட்டதைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. உங்கள் மனம் தெரியாமல் லக்தாரிடம் இனி வாய் திறக்க மாட்டேன்.

ரிஃபாத்

*

ஓரான், கத்தூர் சலூன்
30 மார்ச் 1973

ஏய் எகிப்துக்காரா,

இது லக்தார் சொல்லி, முடிவெட்டுற கத்தூர் எழுதுறது. ஒரு சொல் விடாம எழுதுடான்னு சொல்லியிருக்கேன். கத்தி அவன் கையில இருந்தாலும் கோவம் என் கையில இருக்கு.

தபால்காரன் வந்தப்ப தங்கச்சி பள்ளிக்கூடத்துல இருந்தா. புதுப் படம் வந்திருக்கும்னு ஆசையா எடுத்துக்கிட்டு நேரா இங்க வந்தேன். கத்தூருக்கு அரபி படிக்க வரும். கட பூரா ஆளு. அந்த ஐந்து வட்டம் கதையக் கேட்டு சோப்பு நுரையோட ஒருத்தன் எந்திரிச்சு நின்னு சிரிச்சான், நானும் சிரிச்சேன். சரி, அடுத்த தாளப் படின்னேன். இந்தக் கத்தூர் இருக்கானே, ‘உரக்கப் படிக்க வேண்டாம்’ங்கறதையே உரக்கப் படிச்சான். அதுக்கப்புறமும் நிறுத்தல. வேகத்துல வந்துட்டுதுங்கறான்.

நுரையோட நின்னவன் உக்காந்துட்டான்.

வீட்டுக்குப் போயி தங்கச்சிகிட்ட உன் கடுதாசி எல்லாத்தையும் எடுடின்னேன். அவளப் படிக்கச் சொல்லல. இங்கயே கொண்டாந்து இவன விட்டுப் படிக்கச் சொன்னேன். அப்பதான் முழுசாக் கேட்டேன், நீ பொண்ணு கேட்டத. அது போகட்டும். தட்டுல உன் பக்கம் அப்படியே இருக்குன்னு நான் எழுதுனேனாமே? நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்? நீ ஊருக்குப் போன மொத வெள்ளிக்கிழமையே உன் பக்கத்தையும் சேத்து நான்தான்யா தின்னேன். அப்ப அத எழுதுனது யாரு?

யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. கத்தூர் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

நீ கேட்டது எனக்குப் பெருசில்ல. ஆம்பள கேப்பான். அப்பா போர்ல போனப்புறம் என்னப் பட்டறைக்கு அனுப்பிட்டு, அவளப் படிக்க வச்சோம். எனக்கு வர்ற எழுத்தெல்லாம் அவ வாயாலதான் வரும். அவ விட்டுப் படிச்சிருக்கா, கூட்டி எழுதியிருக்கா. இன்னும் எதெத விட்டா, எதெதக் கூட்டுனா, எனக்கு எப்படித் தெரியும்? நான் யாருகிட்டப் போயி கேப்பேன்? என் நெஞ்சு எரியுது.

இனிமே எனக்குக் கடுதாசி போடாத.

லக்தார்
(கையெழுத்து அவன் போட்டது. மற்றதற்கு நான் பொறுப்பில்லை. கத்தூர்)

*

ஐன் ஸஃப்ரா
9 ஏப்ரல் 1973

லக்தார்,

போடாதே என்றாய். இது ஒன்று மட்டும். கத்தூர், முழுவதும் படியுங்கள், கடையில் எத்தனை பேர் இருந்தாலும் சரி.

அந்தத் தட்டு வரி உன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது, அதோடு சந்தோஷமாகவும் இருந்தது. இப்படி ஒன்று எனக்கு நேர்ந்தது இல்லை.

ஆனால் உன்னை ஏமாற்றியவள் என்று அவளைச் சொல்லாதே. நான் அவளை மூலையில் நிறுத்தினேன், அவள் வாயை மூடிக்கொண்டாள். வேறு என்ன செய்திருக்க முடியும்? எனக்குப் பெண் இல்லை என்று நீ சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. அவளோடு பேசாமல் மட்டும் இருக்காதே.

ரிஃபாத்

*

ஓரான்
19 ஏப்ரல் 1973

ஆசிரியர் ரிஃபாத் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். கொண்டுவந்தவன் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். முகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தைக் கத்தூர் படித்த பிறகும் அண்ணன் என்னோடு பேசவில்லை. அம்மாவைத் தூது வைத்து உப்புக் கேட்டான். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெருவுக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா. அவள் ஒன்றுதான் கேட்டாள், “அந்தப் பையன் அங்க ஒழுங்கா சாப்பிடுறானா?”

பிறகு ஒரு நாள் அண்ணன் உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் என் மடியில் போட்டு, முதலிலிருந்து படிக்கச் சொன்னான். படித்தேன். முடித்ததும் மறுபடி படிக்கச் சொன்னான். பொய்யாக இருந்தால் இரண்டாம் தரம் மாறிவிடும் என்று நினைத்தான் போலிருக்கிறது. நான் விட்டவை எல்லாம் வெளியே வந்தன. அவன் தாளம் தப்பி வாசிக்கிறான் என்று நீங்கள் எழுதியதைக்கூட நான் விட்டிருந்தேன். அதைக் கேட்டுத்தான் அதிகம் அதிர்ந்துபோனான்.

அடுத்த நாள் புதுத் தகடு கொண்டுவந்தான். உங்கள் புதுப் படத்தை ஒட்டி வெட்டினான். இந்த முறை ஒவ்வொரு வட்டத்தையும் என்னிடம் காட்டி, “இது ஓட்டையா, எண்ணா?” என்று கேட்டுவிட்டுத்தான் டிரில்லை வைத்தான். அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது.

இன்று ரயிலேறுகிறேன் என்றான்.

“தகடு குடுக்க ரயில் கார்டு போதுமே” என்றேன்.

“கார்டுக்கு அடிக்கத் தெரியாது” என்றான்.

கதவருகில் நின்று, “உனக்கு இஷ்டமா, அதச் சொல்லு மொதல்ல” என்று கேட்டான். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். “எனக்குத்தான் படிக்கத் தெரியாதே” என்றான். படிக்கத் தெரிந்தவரிடம்தானே போகிறாய் என்றேன்.

ஆகவே இதை நீங்கள்தான் அவனுக்கு உரக்கப் படிக்க வேண்டும். இங்கே நிறுத்திவிட்டு முடிந்தது என்று சொல்லவும் முடியும், என்னால் தடுக்க முடியாது. ஆனால் ஒரு சொல் விடக் கூடாது, ஒரு சொல் கூட்டக் கூடாது. வேண்டுமானால் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அண்ணா, இப்போது பேசுவது யமினா. வாத்தியார் வாயால் பேசுகிறேன். நீ சொல்லாததை உன் பெயரில் எழுதினேன். என் பெயரில் அதை எழுத எனக்கு வழி இருக்கவில்லை. எழுதியது தப்பு, ஆனால் பொய் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தப் பக்கத்தில் கை வைத்ததில்லை, நீ தின்றாய். இந்த மனிதரைக் கட்டிக்கொள்ள எனக்கு இஷ்டம். கோபமும் இருக்கிறது, இஷ்டமும் இருக்கிறது. நீ வேண்டாம் என்று சொன்னால் நான் உன் வீட்டை விட்டு அடி எடுத்து வைக்க மாட்டேன், ஆனால் இஷ்டமில்லை என்று மட்டும் உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். இனி உன்னிடம் ஒரு வரியும் விடுவதாக இல்லை.

அண்ணா, வாத்தியார் குரல் நடுங்குகிறதா என்று கேட்டுப் பார். நடுங்கினால், அன்றைக்கு அடுப்படியில் நான் ஏன் நிறுத்தினேன் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

யமினா